இணையத்தள இணைப்பு வரைபட மென்பொருள்கள்

இணையத்தளம் ஒன்றில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு இணைப்பு செல்கிறது என்பதைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆன படமாக வரைந்து காட்டுபவை இணைப்பு வரைபட மென்பொருள்கள் ஆகும். பக்கம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இணைப்பு ஒவ்வொன்றும் அம்புக்குறியிட்ட ஒரு கோடு. கணிதத்தில் இத்தகைய அமைப்பைக் கோட்டுரு என்பர். கோனிக்சுபர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றிய கேள்விக்கு 1736 இல் ஆய்லர் தந்த விடையிலிருந்து வளர்ந்த துறை அது. புள்ளியை முனை என்றும் கோட்டை விளிம்பு என்றும் பாடநூல்கள் குறிக்கும்.

பக்கங்களைப் பட்டியலிட்டால் போதாதா, படம் எதற்கு என்று கேட்கலாம். அறுந்த இணைப்புகளைக் கண்டுபிடிக்கப் பட்டியலே போதும். ஆனால், அறுபடாமலேயே தவறான இடத்துக்குச் செல்லும் இணைப்பையும், எழுதி ஏற்றிய பின்னும் எவராலும் சென்றடைய முடியாத பக்கத்தையும் பட்டியல் காட்டிக்கொடுக்காது. இந்த இரண்டுக்காகத்தான் படம் தேவைப்படுகிறது. தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் பற்றிய தமிழ்ப் பக்கங்களைக் கொண்டு இதை எளிதாக விளக்கலாம்.

தேனிக்கும் தமிழ் இணையத்துக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. முத்துக்கமலம் என்னும் இணைய இதழ் 2006 முதல் தேனியிலிருந்து வெளிவருகிறது. அதன் ஆசிரியர் தேனி மு. சுப்பிரமணி தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் பங்களித்தவர். தமிழ் விக்கிப்பீடியா என்ற பெயரிலேயே 2010 இல் ஒரு நூலும் எழுதினார். மாவட்ட நிர்வாகத்தின் தளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. 2003 இல் தொடங்கி 2017 இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்த தமிழ் விக்கிப்பீடியாவில், இம்மாவட்டத்தின் ஊர்கள், அணைகள், அருவிகள், கோயில்கள் பற்றிய கட்டுரைகள் ஏராளம். எழுதுவதற்கு ஆள் கிடைத்த அளவுக்கு, எழுதியவற்றை ஒன்றோடொன்று கோத்து வைக்க ஆள் கிடைப்பதில்லை என்பது தமிழ் இணையம் முழுவதற்கும் பொருந்தும் குறை.

கருவி எப்படி வேலை செய்கிறது

இக்கருவிகளின் முதற்பகுதி ஊர்ந்து செல்லும் நிரல். தொடக்கமாக ஒரு முகவரியை, பெரும்பாலும் முகப்புப் பக்கத்தை, அதற்குக் கொடுக்க வேண்டும். நிரல் அப்பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளை எல்லாம் எடுத்து வரிசையில் வைக்கும். பிறகு வரிசையின் முதல் முகவரிக்குச் சென்று அங்குள்ள இணைப்புகளை வரிசையின் கடைசியில் சேர்க்கும். ஏற்கெனவே பார்த்த முகவரி என்றால் மறுபடி போகாது. கோட்டை மட்டும் குறித்துக்கொள்ளும். வரிசை தீர்ந்ததும் வேலை முடிந்தது. முகப்பிலிருந்து எத்தனை சொடுக்கில் ஒரு பக்கத்தை அடையலாம் என்ற கணக்கும் இதிலேயே கிடைத்துவிடும். இதை ஆழம் என்பர்.

லோயர் கேம்பில் இறங்கும் முல்லைப் பெரியாற்று நீர், கம்பம் பள்ளத்தாக்கில் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. தலைமடைக்கு முதலில் தண்ணீர்; கடைமடைக்குக் கடைசியில். ஊர்ந்து செல்லும் நிரலும் அப்படித்தான் பக்கங்களை அடைகிறது. வாய்க்காலே வெட்டப்படாத வயலுக்கு அது போகாது.

இந்தக் கடைசி உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. இணைப்பைப் பிடித்துக்கொண்டே செல்லும் நிரல், எந்த இணைப்பும் இல்லாத பக்கத்தைக் காணவே முடியாது. ஆகவே படத்தில் தனித்த புள்ளி எதுவும் இல்லை என்பதால், தளத்தில் தனித்த பக்கம் எதுவும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

ஒரு சிறு எடுத்துக்காட்டு

பள்ளி மாணவர் குழு ஒன்று கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி 12 பக்கங்களில் ஒரு தளம் அமைத்ததாகக் கொள்வோம். முகப்பு, ஊர்கள், நீர்நிலைகள், வேளாண்மை என நான்கு பக்கங்கள். இவற்றுக்குக் கீழே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், முல்லைப் பெரியாறு, சுருளி அருவி, பன்னீர் திராட்சை, பென்னிகுவிக் என எட்டுப் பக்கங்கள். இதன் இணைப்புகளைக் கீழ்க்காணுமாறு எழுதிக்கொள்ளலாம்.

"முகப்பு" -> "ஊர்கள்"
"முகப்பு" -> "நீர்நிலைகள்"
"முகப்பு" -> "வேளாண்மை"
"ஊர்கள்" -> "கம்பம்"
"ஊர்கள்" -> "கூடலூர்"
"ஊர்கள்" -> "உத்தமபாளையம்"
"ஊர்கள்" -> "சின்னமனூர்"
"நீர்நிலைகள்" -> "முல்லைப் பெரியாறு"
"நீர்நிலைகள்" -> "சுருளி அருவி"
"வேளாண்மை" -> "பன்னீர் திராட்சை"
"கம்பம்" -> "சுருளி அருவி"
"பென்னிகுவிக்" -> "முல்லைப் பெரியாறு"

முகப்பிலிருந்து தொடங்கும் நிரலுக்கு 11 பக்கங்களும் 11 இணைப்புகளும் மட்டுமே கிடைக்கும். பென்னிகுவிக் பக்கம் விடுபட்டுவிடும். அப்பக்கத்திலிருந்து முல்லைப் பெரியாற்றுக்கு இணைப்பு உண்டு. அதற்கு உள்ளே வரும் இணைப்புதான் இல்லை. 1895 இல் அணை திறக்கப்பட்டதை முல்லைப் பெரியாறு பக்கம் சொல்லியிருக்கலாம், பென்னிகுவிக்கின் பெயரையும் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொடுக்கக்கூடியதாக்க மறந்திருந்தால், அவரைப் பற்றி எழுதிய மாணவரின் உழைப்பு வழங்கியில் கிடக்குமே தவிர வாசகரை அடையாது.

படத்தில் இன்னொன்றும் தெரியும். பன்னீர் திராட்சை ஒரு கோடியில் இருக்கும். கம்பம் மறுகோடியில் இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரிலேயே 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. ஊரின் பெயரைத் தாங்கிய பழத்துக்கும் அந்த ஊருக்கும் இடையே ஒரு கோடு கூட இல்லை என்பது பட்டியலைப் படிக்கும்போது உறைக்காது. படத்தைப் பார்த்த உடனே உறைக்கும். மேலும் கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், முல்லைப் பெரியாறு, சுருளி அருவி, பன்னீர் திராட்சை ஆகிய ஆறு பக்கங்களில் அம்பு உள்ளே வருகிறதே தவிர வெளியே செல்லவில்லை. அங்கு வந்த வாசகர் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் இவ்விரு குறைகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே இணைப்பு வராதவை உறவிலிப் பக்கங்கள். வெளியே இணைப்பு செல்லாதவை தொடராப் பக்கங்கள். இவற்றின் பட்டியல்கள் சிறப்புப் பக்கங்களில் கிடைக்கும். விக்கிப்பீடியாவால் உறவிலிகளைக் காட்ட முடிவது எப்படி என்றால், அது ஊர்ந்து தேடுவதில்லை. எல்லாப் பக்கங்களின் பெயரும் எல்லா இணைப்புகளும் அதன் தரவுத்தளத்திலேயே உள்ளன. பிற தளங்களில் இதே பயனைப் பெற, நிரல் கண்ட முகவரிகளையும் தளத்தின் தளவரைபடக் கோப்பிலுள்ள முகவரிகளையும் ஒப்பிட வேண்டும். தேடுபொறிகளுக்காக வைக்கப்படும் இக்கோப்பு முறையைக் கூகுள் 2005 இல் கொண்டுவந்தது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடலாம். கோப்பில் இருந்து, நிரலுக்குக் கிடைக்காதவையே உறவிலிகள். கோப்பே இல்லாத சிறு தளமானால், வழங்கியிலுள்ள கோப்புகளின் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிடலாம்.

மென்பொருள்கள்

செனு லிங்க் சிலூத் இவ்வகையில் பழைய, இலவசமான விண்டோசு மென்பொருள். செருமனியைச் சேர்ந்த டில்மன் அவுசெர் எழுதியது. பல்லாண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. அறுந்த இணைப்புகளைத் தேடுவதே இதன் முதன்மை வேலை. எந்தப் பக்கம் எதை இணைக்கிறது என்ற விவரத்தைக் கோப்பாகச் சேமித்து வேறு மென்பொருளில் வரைந்துகொள்ளலாம். பழைய கணினியிலும் ஓடும் என்பதால் பள்ளிகளுக்கு ஏற்றது.

ஸ்கிரீமிங் ஃபிராக் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் ஊர்நிரல் இன்று பரவலாகப் பயன்படுகிறது. இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை ஏற்கும். அதற்கு மேல் ஆண்டுக் கட்டணம். 2018 இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து வரைபடங்களையும் தானே வரைகிறது. ஓர் ஊரின் வரலாற்றுத் தளத்துக்கோ பள்ளித் தளத்துக்கோ 500 என்பது தாராளம். சைட்பல்ப் என்பதும் இதுபோன்றதே, கட்டணமுள்ளது.

கிராஃப்விசு ஊர்ந்து தேடாது. மேலே எழுதியது போன்ற அம்புக்குறி வரிகளைக் கொடுத்தால் படமாக்கித் தரும். அமெரிக்காவின் ஏடி அண்டு டி ஆய்வகத்தில் உருவாகி, இப்போது கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. அந்த 12 வரிகளையும், முன்னும் பின்னும் ஓர் அடைப்புக்குறியும் ஒரு தொடக்கச் சொல்லும் சேர்த்து, அப்படியே அதற்குக் கொடுக்கலாம். தமிழ்ப் பெயர்களை ஏற்கும். முதன்முதலாகக் கற்கும் மாணவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு கோடும் தன் கையால் எழுதிய வரி என்பதால் படம் மாயமாகத் தோன்றாது.

கெஃபி பெரிய படங்களுக்கானது. 2008 அளவில் பிரான்சில் மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம் என இரண்டு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் பரப்பி வைக்கும். நெருங்கிய குழுக்களுக்குத் தனித்தனி நிறம் தரும். அதிக இணைப்பு பெறும் புள்ளியைப் பெரிதாக்கும்.

புள்ளிகளை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலான கருவிகள் ஒரே கருத்தைக் கொண்டு தீர்மானிக்கின்றன. புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும். கோடுகள் சுருள்வில்லைப் போல இழுக்கும். தள்ளலும் இழுப்பும் சமமாகும்வரை கணினி புள்ளிகளை நகர்த்திக்கொண்டே இருக்கும். 1984 இல் ஈட்சும் 1991 இல் புருக்டர்மன், ரெய்ங்கோல்டு ஆகியோரும் வகுத்த முறைகள் இவை. இதன் விளைவை நினைவில் கொள்ள வேண்டும்: படத்தில் மேல், கீழ், இடம், வலம் என்பவற்றுக்குப் பொருள் இல்லை. ஒரே தரவை இருமுறை வரைந்தால் இரு வேறு தோற்றங்கள் வரலாம். நில வரைபடத்தைப் போல வடக்கே போடி, தெற்கே குமுளி என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

படத்தைப் படிப்பது

பெரிய புள்ளியைப் பார்ப்பது எளிது. தேனி மாவட்டம் என்ற பக்கம் பெரிதாக இருக்கும் என்பதைச் சொல்லக் கருவி தேவையில்லை. பயனுள்ளவை வேறு.

இரண்டு கூட்டங்களுக்கு நடுவே பாலமாக நிற்கும் புள்ளியைத் தேட வேண்டும். தேனி நேரு சிலைச் சந்திப்பில் மதுரைச் சாலை, கம்பம் சாலை, பெரியகுளம் சாலை மூன்றும் கூடுகின்றன. அங்கு நெரிசல் என்றால் மூன்று திசையும் நின்றுவிடும். தளங்களிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் உண்டு. இணைய இதழ் ஒன்றில் பழைய இதழ்களுக்கெல்லாம் ஒரே ஒரு தொகுப்புப் பக்கம்தான் வழி என்றால், அப்பக்கத்தின் முகவரி மாறும் நாளில் பல ஆண்டுக் கட்டுரைகள் ஒன்றாக மறையும். இதழ்வாரியாக ஒரு வழி, கதை, கட்டுரை, கவிதை என வகைவாரியாக இன்னொரு வழி, எழுதியவர் பெயரில் மற்றொரு வழி என இருந்தால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருக்கும்.

அடுத்து, கூட்டத்திலிருந்து விலகி நீளும் தனிக்கோடு. கூடலூர் என்ற பெயரில் தேனி மாவட்டத்திலும் நகராட்சி உண்டு, நீலகிரி மாவட்டத்திலும் நகராட்சி உண்டு. கம்பத்தைப் பற்றி எழுதுபவர் அருகிலுள்ள கூடலூரைக் குறித்து, நீலகிரிக் கூடலூருக்கு இணைப்பு கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இணைப்புச் சோதனைக் கருவி எதுவும் சொல்லாது. அப்பக்கம் இருக்கிறது, திறக்கிறது. படத்திலோ தேனிக் கூட்டத்திலிருந்து உதகை, பந்தலூர்ப் பக்கங்களின் கூட்டத்துக்கு ஒற்றைக் கோடு நீண்டு நிற்கும். வீரபாண்டியும் இப்படியே: கௌமாரியம்மன் கோயில் உள்ள தேனி வீரபாண்டியும் உண்டு, சேலம் மாவட்ட வீரபாண்டியும் உண்டு. கம்பம் என்ற பெயரில் ஆந்திரப் பிரதேசத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. விளக்குக் கம்பமும் இருக்கிறது. வீட்டுப்பாடத்துக்காகப் படிக்கும் ஆறாம் வகுப்பு மாணவிக்கு இந்த ஒற்றைக் கோட்டின் பிழை, தன் ஊருக்கு அடுத்த ஊர் நீலகிரியில் இருப்பதாகப் பதிந்துவிடும் பிழை. ஆயினும் நீளும் கோடெல்லாம் பிழையல்ல. பென்னிகுவிக் பக்கத்திலிருந்து இங்கிலாந்துப் பக்கத்துக்கும் கோடு நீளும், அது சரியானதே. படம் ஐயத்தைக் காட்டும். தீர்ப்பு மனிதரே சொல்ல வேண்டும்.

படம் பயன்படாமல் போவதும் உண்டு. தேனி மாவட்டத்தில் 130 ஊராட்சிகள். தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றிய கட்டுரைகள் அரசுத் தரவைக் கொண்டு தானியங்கி மூலம் தமிழ் விக்கிப்பீடியாவில் உருவாக்கப்பட்டன. ஒரு மாவட்டத்தின் ஊராட்சிகள் அனைத்தையும் பட்டியலிடும் ஒரே பெட்டியை எல்லாப் பக்கங்களின் அடியிலும் வைத்தால், 130 பக்கங்களும் மற்ற 129 பக்கங்களுக்கும் இணைப்பு தரும். மொத்தம் 16,770 கோடுகள். படம் நூல்கண்டு சிக்கியது போலாகிவிடும். சுருளிப்பட்டிப் பக்கத்தில் எழுத்தாளர் தாமே தேர்ந்து கொடுத்த சுருளி அருவி இணைப்பு அந்தச் சிக்கலில் மறைந்துபோகும். தளங்களின் பட்டி, அடிக்குறிப்பு ஆகியவற்றிலுள்ள இணைப்புகளும் இதே தொல்லையைத் தருவன. வரைவதற்கு முன் இவற்றை நீக்கி, கட்டுரை உரைக்குள் இருக்கும் இணைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவியின் அமைப்புகளில் இதற்கு வழி உண்டு. தொடங்குபவர்கள் பலர் இதைச் செய்யாமல் கருவியைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தமிழ் முகவரிகளின் தனிச்சிக்கல்

ஆங்கிலக் கையேடுகளில் இல்லாத சில சிக்கல்கள் தமிழ்த் தளங்களில் உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே செல்வதில்லை. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. கம்பம் என்ற சொல்லில் க, ம, புள்ளி, ப, ம, புள்ளி என ஆறு குறியீடுகள். முகவரியில் அது 54 எழுத்துகளாக நீளும். படத்தில் புள்ளிகளின் பெயராக முகவரியை விட்டால் எது எந்த ஊர் என்று தெரியாது. முகவரிக்குப் பதில் பக்கத்தின் தலைப்பைப் பெயராக வைக்கும்படி அமைத்துக்கொண்டால் இத்தொல்லை தீரும்.

இதைவிட நுட்பமானது போடிநாயக்கனூர்ச் சிக்கல். போ என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை இரண்டு முகவரிகள். ஒன்று பக்கத்தைத் திறக்கும். மற்றொன்று பக்கம் இல்லை என்ற 404 பிழையைத் தரும். ஒரே பெயரில் இரண்டு புள்ளிகள் படத்தில் தோன்றினால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். விக்கிப்பீடியாவின் மென்பொருள் இவ்விரண்டையும் தானே ஒருமைப்படுத்திவிடும். சொந்தமாகத் தளம் நடத்துபவர்கள் தாங்களே ஒருமைப்படுத்த வேண்டும். கொடைக்கானல், கோம்பை, மேகமலை கோடைவிழா என ஒகர, ஓகாரம் வரும் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பைதான் மொழியில் நிரல் எழுதி வரைபவர்கள் மேட்பிளாட்லிப் நிரலகத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைக் காணலாம். தமிழ் எழுத்தைச் சேர்த்து உருவாக்கும் திறன் அதன் பழைய பதிப்புகளில் இல்லாததே காரணம். தரவைக் கிராஃப்விசு வடிவில் சேமித்து அங்கே வரைவது சுருக்கமான வழி.

பிறர் தளத்தில் ஊரும்போது

தன் தளமல்லாத தளத்தில் நிரலை ஓட்டுவதற்கு முன், அத்தளத்தின் வேரில் உள்ள ரோபாட்சு கோப்பைப் படிக்க வேண்டும். எந்தப் பகுதிக்குள் நிரல்கள் வரக் கூடாது என்று அது சொல்லும். 1994 முதல் வழக்கத்தில் உள்ள இம்முறை 2022 இல்தான் முறையான இணையத் தரமானது. விக்கிப்பீடியாவின் பக்கங்களை ஊர்ந்து எடுக்கத் தேவையே இல்லை. அதன் நிரல் இடைமுகத்திலும் அவ்வப்போது வெளியிடப்படும் தரவுத் தொகுப்பிலும் இணைப்பு விவரம் முழுதும் கிடைக்கிறது.

வேகமும் முக்கியம். நொடிக்குப் பல பக்கங்களைக் கேட்கும்படி விட்டால் தன்னார்வலர் ஒருவரின் செலவில் நடக்கும் சிறு தளம் திணறும். நொடிக்கு ஒரு பக்கம் என்று அமைத்தால் 130 ஊராட்சிப் பக்கங்களையும் பார்த்து முடிக்க 2 நிமிடம் 10 நொடிதான் ஆகும்.